செல்ஃப் செக்கவுட்டில் காகிதக் கூப்பன்: மெஷினோடு மல்லுக்கட்டாமல் தள்ளுபடி வாங்க

அமெரிக்கா வந்த புதிதில் மளிகைக் கடையில் என்னைப் பயமுறுத்தியவை இரண்டு. பால் அலமாரி முன்னால் நின்று இத்தனை நிற மூடிகளில் எதை எடுப்பது என்று விழிப்பது ஒன்று, அந்தப் பயம் ஒரு வாரத்தில் போய்விட்டது. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை பேப்பரிலிருந்து வெட்டிய கூப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு நாமே பில் போட்டுக்கொள்ளும் செல்ஃப் செக்கவுட் மெஷின் முன்னால் நிற்பது. தலைக்கு மேல் விளக்கு மினுக்கும், உதவிக்கு ஆள் வருகிறார் என்று மெஷின் சொல்லும், ஆள் வரமாட்டார், பின்னால் நிற்பவர் தன் வண்டியை அரை அடி முன்னால் தள்ளுவார். எழுபத்தைந்து சென்ட்டுக்காகவா இந்தப் பாடு என்று கூப்பனைச் சட்டைப் பையில் திணித்துவிட்டு முழு விலை கொடுத்து வந்த நாட்கள் நிறைய.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. இப்போது நியூ ஜெர்சிக்குப் புதிதாக வரும் நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இதைத்தான்: முக்கால்வாசி வேலை மெஷினிடம் போவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும், மீதிக் கால்வாசி அங்கே நிற்கும் ஊழியரின் தயவு. செல்ஃப் செக்கவுட் என்ற பெயரை நம்பி, எல்லாம் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று கூப்பனோடு போனால் மாட்டிக்கொள்வோம். கோகோ கோலா கம்பெனி இலவசமாக ஒரு கிளாஸ் குடித்துப் பார்க்கச் சொல்லிச் சீட்டு கொடுத்தது 1887 வாக்கில், வாடிக்கையாளரே பில் போடும் மெஷின் அட்லாண்டா பக்கத்தில் ஒரு குரோகர் கடையில் வந்தது 1986-ல். நூறு வயது வித்தியாசம் உள்ள இரண்டு பேரைக் குடித்தனம் வைத்தால் நடுவில் ஒருவர் பஞ்சாயத்துக்கு நிற்கத்தான் வேண்டியிருக்கும்.

முதலில் கடையைப் பாருங்கள்

கூப்பனை வெட்டுவதற்கு முன்னால், நீங்கள் போகிற கடை அதை வாங்குமா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆல்டியும் காஸ்ட்கோவும் பொருளைச் செய்யும் கம்பெனி தரும் கூப்பனை வாங்குவதில்லை. காஸ்ட்கோ வீட்டுக்கு அனுப்பும் தள்ளுபடிப் புத்தகத்தைக் கத்தரிக்கவே வேண்டாம், அதில் இருக்கும் தள்ளுபடி பில்லில் தானாகவே விழுந்துவிடும். (எங்கள் வீட்டில் அது தெரியாமல் ஒரு வருடம் கத்தரிக்கோலும் கையுமாக இருந்தோம்.) டார்கெட்டில் கூப்பன் செல்லும், ஆனால் 2024 மார்ச்சிலிருந்து அதன் பெரும்பாலான கடைகளில் செல்ஃப் செக்கவுட்டுக்குப் பத்துப் பொருள்தான் வரம்பு, அதனால் மாதச் சாமானையும் பதினைந்து கூப்பனையும் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக முடியாது. சில கடைகளில் மெஷினிலேயே இங்கே காகிதக் கூப்பன் எடுப்பதில்லை என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பொருளை எல்லாம் ஸ்கேன் செய்து முடித்த பிறகுதான் நம் கண்ணுக்கு அது தெரியும், ஆகவே உள்ளே நுழையும்போதே ஒரு நோட்டம் விட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கையில் இருப்பது எந்த வகைக் கூப்பன் என்பது. சுருக்கமாக இரண்டு வகை. கம்பெனிக் கூப்பனின் தலையில் ‘மேனுஃபேக்சரர் கூப்பன்’ என்று அச்சிட்டிருக்கும், பணம் தருவது சோப்போ சீரியலோ செய்யும் கம்பெனி. கடைக் கூப்பனுக்குப் பணம் கடையின் பையிலிருந்து போகிறது, அந்தக் கடையில் மட்டும் செல்லும். ஒரு பொருளுக்கு ஒரு கம்பெனிக் கூப்பன்தான், இது ஏறக்குறைய எல்லா இடத்திலும் சட்டம் மாதிரி. ஆனால் அதே பொருளுக்கு ஒரு கம்பெனிக் கூப்பனும் ஒரு கடைக் கூப்பனும் சேர்த்துப் போட டார்கெட் மாதிரிச் சில கடைகள் விடும். குழப்பம் வருவது பில்லோடு சேர்ந்து ஒரு தனி மெஷினிலிருந்து நீளமாக வெளியே வரும் கேட்டலினா கூப்பனில். அதில் கடையின் லோகோ இருக்கும், ஆனால் தலையில் மேனுஃபேக்சரர் கூப்பன் என்றும் இருக்கும். அப்படியானால் அது கம்பெனிக் கூப்பன் கணக்கில்தான் சேரும். லோகோவைப் பார்த்துக் கடைக் கூப்பன் என்று நினைத்து இன்னொரு கம்பெனிக் கூப்பனோடு சேர்த்தால் மெஷின் கூவத் தொடங்கிவிடும்.

படத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள்

கூப்பனில் இருக்கும் படம் விளம்பரத்துக்கு. அந்த வரிசையில் இருப்பதிலேயே விலை கூடிய, பெரிய டப்பாவைத்தான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். கீழே எழுத்தில் ‘எந்த ஒன்றும்’ என்று இருந்தால், படத்தில் இல்லாத சின்ன டப்பாவுக்கும் அது செல்லும், ஆனால் பயண அளவு, சாம்பிள் அளவு கூடாது என்று உடனே ஒரு வரி இருக்கும், அதையும் பாருங்கள். எத்தனை அவுன்ஸ், எத்தனை எண்ணிக்கை, எந்த வாசனை விலக்கு என்பதெல்லாம் எறும்பு எழுத்தில் இருக்கும். கடையில் அலமாரி முன்னால் நின்றே டப்பாவையும் கூப்பனையும் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பாருங்கள். பில் போடும் இடத்தில் போய் இதைச் செய்தால் நேரம் போதாது, ஓடிப் போய் வேறு டப்பா எடுத்து வரவும் முடியாது.

தேதி விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரு முறையாவது சறுக்குவோம். இங்கே மாதம் முதலில், நாள் அடுத்து. 03/04 என்றால் மார்ச் 4, ஏப்ரல் 3 இல்லை. மாமியார் ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கியிருந்தபோது கூப்பன் கோப்பைத் தேதி வாரியாக அடுக்கி வைத்தார், மிகப் பொறுப்பாக, ஆனால் நம் ஊர்க் கணக்கில். காலாவதியான ஒன்பது கூப்பன்களோடு நான் கடைக்குப் போய் வந்த பிறகுதான் அது தெரிந்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்து, வரம்பு பற்றிய சொற்கள். ‘ஒரு பர்ச்சேஸுக்கு ஒரு கூப்பன்’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அங்கே பர்ச்சேஸ் என்பது நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளும். நான்கு ஷாம்பு வாங்கினால் நான்கு கூப்பன் போடலாம். ‘ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு ஒன்று’ என்றால்தான் ஒரு பில்லுக்கு ஒன்று. ஒரு முறை கடைக்கு வந்தால் ஒரே மாதிரியான கூப்பன் இத்தனைதான் என்று மூன்றாவதாக ஒரு வரியும் சிலவற்றில் இருக்கும், அது நீங்கள் எத்தனை பில்லாகப் பிரித்தாலும் பொருந்தும். இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு மூன்று கூப்பனை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு, கவுன்டரில் சண்டை போடுகிறவர்களும் உண்டு. ஊழியரே பர்ச்சேஸைத் தப்பாகப் புரிந்துகொள்வதும் நடக்கும், அப்போது அமைதியாக விளக்கிப் பாருங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். கூப்பனை வாங்குவதும் மறுப்பதும் கடைசியில் கடையின் விருப்பம்.

பார்கோடு என்ன சொல்கிறது

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மெஷின் மேல் இருந்த கோபம் போனது. நீங்கள் கூப்பனை நீட்டும்போது அதில் இருக்கும் ஒரு வார்த்தையைக்கூட மெஷின் படிப்பதில்லை. கீழே கட்டம் கட்டமாக இரண்டு அடுக்காக நெருக்கி அச்சடித்த பார்கோடுதான் அதற்குத் தெரியும். 8110 என்ற எண்ணோடு தொடங்கும் அந்தக் கோட்டுக்குள் ஐந்தாறு தகவல் அடங்கியிருக்கிறது: எந்தக் கம்பெனி, எந்தச் சலுகை, எத்தனை வாங்க வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும், அந்தக் கம்பெனியின் எந்தக் குடும்பத்துப் பொருள் (குடும்பம் என்றால் ஒரே வகைப் பொருட்களின் கூட்டம்), பெரும்பாலும் காலாவதித் தேதியும். மெஷின் உங்கள் பில்லில் ஏற்கெனவே ஏறிய பொருட்களின் பார்கோடுகளோடு இதை ஒப்பிடும். டைட் சோப்புத் திரவத்தின் பார்கோடு எண் 037000 என்று தொடங்கும், அது டைட்டைச் செய்யும் பி அண்ட் ஜி கம்பெனியின் எண், பி அண்ட் ஜி கூப்பனின் கோட்டுக்குள்ளும் அதே எண் ஒளிந்திருக்கும். இரண்டும் பொருந்தி, குடும்ப எண்ணும் பொருந்தினால் தள்ளுபடி விழும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, பொருளை ஸ்கேன் செய்வதற்கு முன்னால் கூப்பனை ஸ்கேன் செய்தால் ஒப்பிட எதுவும் இல்லை, மெஷின் மறுக்கத்தான் செய்யும். இரண்டு, நீங்கள் சரியான பொருளையே வாங்கியிருந்தாலும், கம்பெனி புதிதாகக் கொண்டுவந்த வாசனை கடையின் கணினியில் அந்தக் குடும்பத்தில் இன்னும் சேர்க்கப்படாமல் இருந்தால் மெஷின் மறுக்கும். அது உங்கள் தப்பு இல்லை. ஊழியர் கூப்பனில் இருக்கும் எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையால் போட்டுவிடலாம், அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் நடக்கும். கூப்பனின் குடும்ப எண் பரந்ததாக இருந்தால், அதே கம்பெனியின் வேறு பொருளுக்கும் மெஷின் வாயை மூடிக்கொண்டு தள்ளுபடி கொடுத்துவிடும். பெரிய டப்பாவுக்கான மூன்று டாலர் கூப்பனைச் சின்ன டப்பாவுக்குப் போட்டு, மெஷினே ஒத்துக்கொண்டது, எனக்கென்ன என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இது கூப்பன் மோசடிதான், சாமர்த்தியம் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் காதில் வாங்காதீர்கள். கம்பெனி பணம் தரமாட்டேன் என்று திருப்பி அனுப்பினால் நஷ்டம் கடைக்கு, இரண்டு மாதத்தில் அந்தக் கடை காகிதக் கூப்பனையே நிறுத்திவிடும்.

மெஷின் முன்னால்

சரி, இப்போது நிஜமாகவே மெஷினிடம் வந்துவிட்டோம். நான் செய்கிற வரிசையைச் சொல்கிறேன்.

வண்டியில் பொருட்களை எடுக்கும்போதே கூப்பன் உள்ளவற்றைக் குழந்தை உட்காரும் மேல் தட்டில் தனியாக வைத்துவிடுவேன், கூப்பன்களை அதே வரிசையில் ஒரு உறைக்குள். மெஷினைத் தொடுவதற்கு முன்னால், அந்த நான்கைந்து மெஷின்களையும் பார்த்துக்கொள்கிற ஊழியர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, ஒரு ஹலோ சொல்லி, என்னிடம் ஐந்து காகிதக் கூப்பன் இருக்கிறது, இங்கே போடலாமா என்று கேட்டுவிடுவேன். இந்த ஒரு வாக்கியம் தரும் பலன் வேறு எந்தத் தந்திரத்திலும் இல்லை. போடலாம் என்றால் அவர் கண் நம் மேல் இருக்கும், விளக்கு எரிந்த மறுநொடி வந்துவிடுவார். வேண்டாம், அங்கே கேஷியரிடம் போங்கள் என்றால் இருபது நிமிடம் மிச்சம். ஊழியருக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷினையே பிடியுங்கள், ஓரத்தில் இருப்பது நமக்கு ஆகாது. சனி, ஞாயிறு மாலை கூட்டத்திலும் ஆகாது. வார நாளில் காலை ஒன்பது மணியைவிட அமைதியான நேரம் கிடையாது, வேலைக்குப் போகிறவர்கள் இரவு எட்டரைக்கு மேல் போய்ப் பாருங்கள்.

முதலில் கடையின் உறுப்பினர் அட்டையையோ போன் நம்பரையோ போட்டுவிடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. போன் நம்பரைப் போட்டவுடன், கடையின் ஆப்பில் நீங்கள் எப்போதோ கிளிப் செய்து, அதாவது தொட்டுச் சேர்த்து வைத்த டிஜிட்டல் கூப்பனும் உயிர் பெறும், அதுவும் பெரும்பாலும் கம்பெனிக் கூப்பன்தான். ஆப்பில் ஐம்பது சென்ட், கையில் ஒரு டாலர் காகிதம் இருந்தால், ஐம்பது சென்ட் தானாக விழுந்துவிடும், காகிதத்தை மெஷின் ஏற்காது, ஏனென்றால் ஒரு பொருளுக்கு ஒன்றுதான். கையில் பெரிய கூப்பன் இருக்கும் பொருளுக்கு ஆப்பில் கிளிப் செய்யாதீர்கள். கண்ணில் பட்டதை எல்லாம் கிளிப் செய்கிற பழக்கம் எனக்கும் இருந்தது, அதில் போன டாலர்களைக் கணக்குப் போட மனம் வரவில்லை.

அப்புறம் எல்லாப் பொருளையும் ஸ்கேன் செய்து பையிடும் தட்டில் வையுங்கள். பாதியில் கூப்பனை நீட்டாதீர்கள், சில மெஷின்கள் ஏற்றுக்கொள்ளும் என்றாலும் தட்டின் எடைக் கணக்கும் கூப்பனும் ஒரே நேரத்தில் குழம்பினால் ஊழியருக்கும் என்ன நடந்தது என்று புரியாது. பீர் மாதிரி வயது பார்க்க வேண்டிய பொருள் ஏதாவது இருந்தால் எப்படியும் ஊழியர் வருவார், அதைக் கடைசியில் ஸ்கேன் செய்தால் இரண்டு வேலையும் ஒரே நடையில் முடியும்.

எல்லாம் ஏறிய பிறகு, பணம் கட்டும் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் கூப்பன். திரையில் கூப்பன் பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள், இல்லாவிட்டால் நேரே ஸ்கேனரில் காட்டினால் போதும். 25 டாலருக்கு வாங்கினால் 5 டாலர் குறைப்பு என்பது மாதிரியான கடைக் கூப்பன் இருந்தால் அதை முதலில் போடுங்கள், பில் தொகை முழுசாக இருக்கும்போதே. மற்றவற்றைப் போட்டுப் பில் 24 டாலருக்கு இறங்கிய பிறகு அதை நீட்டினால் சில கடைகளில் மெஷின் கையை விரித்துவிடும். பிறகு பெரிய கூப்பன்கள், கடைசியில் சில்லறை. ஒவ்வொன்றுக்கும் பீப் சத்தத்தை நம்பாமல், திரையில் தொகை குறைந்ததா என்று கண்ணால் பாருங்கள்.

காகிதம் கண்ணாடியில் தட்டையாகப் படிய வேண்டும். பர்ஸில் நான்காக மடித்து வைத்த கூப்பனில் மடிப்பு சரியாகப் பார்கோட்டின் நடுவில் விழுந்திருக்கும், அந்த அடுக்குக் கோடு அவ்வளவு நெருக்கமானது என்பதால் ஒரு கீறல் போதும், மெஷினுக்குக் கண் தெரியாது. வெட்டும்போதும் கோட்டின் ஓரத்தில் வெள்ளை இடம் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள். டப்பாவில் ஒட்டி வரும் உரிக்கிற ஸ்டிக்கர் கூப்பனை வீட்டில் உரிக்க வேண்டாம், வீட்டுக்குப் போன பிறகு உரித்தால் அடுத்த முறைக்குத்தான் ஆகும். கடையிலேயே பக்குவமாக உரித்து, ஒட்டுகிற பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அது ஒரு தனிக் கதையாகும்.

ஸ்கேன் ஆன பிறகு காகிதத்தை என்ன செய்வது? பழைய மாதிரி மெஷின்களில் ஸ்கேனருக்குப் பக்கத்தில் தபால்பெட்டி வாய் மாதிரி ஒரு சின்னப் பிளவு இருக்கும், கூப்பனை அதில் போடச் சொல்லித் திரையில் வரும். உள்ளே ஒரு சென்சார் இருக்கிறது, காகிதம் விழுந்தால்தான் மெஷின் அடுத்த கட்டத்துக்கு நகரும். ஒரு கூப்பனை ஸ்கேன் செய், உடனே போடு, அடுத்ததை ஸ்கேன் செய் என்று ஒவ்வொன்றாகப் போங்கள். ஐந்தையும் ஸ்கேன் செய்துவிட்டு ஐந்தையும் மொத்தமாகத் திணித்தால் சென்சார் ஒன்று என்றே எண்ணும். பிளவு இல்லாத கடைகளில் விளக்கு எரியும், ஊழியர் வந்து பார்த்து, தன் அட்டையைக் காட்டி அனுமதித்துவிட்டு, காகிதத்தை வாங்கிக்கொள்வார்.

பிளவு எது என்று நிதானமாகப் பாருங்கள். எங்கள் அப்பா ஒரு முறை கூப்பனை டாலர் நோட்டு விழுங்கும் வாய்க்குள் கொடுத்துவிட்டார். அது அதை மரியாதையாக உள்ளே இழுத்துக்கொண்டு, மென்று, பாதியில் நின்றுவிட்டது. சாவியோடு மேனேஜர் வந்து மெஷினைத் திறந்து எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. அப்பா அசரவில்லை. பணத்துக்குச் சமம் என்றுதானே நீ சொன்னாய் என்றார்.

ஸ்கேன் செய்த கூப்பனை எக்காரணம் கொண்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அந்தக் காகிதம்தான் கடைக்குப் பணம். கூப்பனின் அடியில் படித்துப் பாருங்கள், கடைக்கு முகமதிப்பும் அதோடு கையாளும் கூலியாக 8 சென்ட்டும் தருவோம் என்று பெரும்பாலானவற்றில் எழுதியிருக்கும். அன்றைய காகிதங்களைக் கடை மூட்டை கட்டி அனுப்பும், அவற்றைப் பிரித்து எண்ணுவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன, மெக்சிகோ எல்லையில் இருக்கும் எல் பாசோ நகரத்து முகவரி நிறையக் கூப்பன்களில் இருப்பது அதனால்தான். எண்ணி முடித்த பிறகுதான் கம்பெனி கடைக்குப் பணம் தரும். காகிதம் போய்ச் சேராவிட்டால் நீங்கள் வாங்கிய ஒரு டாலர் கடையின் நஷ்டம். அதே இடத்தில் ‘ரொக்க மதிப்பு 1/100 சென்ட்’ என்றும் ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், சில மாநிலச் சட்டங்களுக்காகப் போடுகிற சடங்கு அது. பத்தாயிரம் கூப்பன் சேர்த்தால் ஒரு டாலர் கேட்கலாம், யாருக்குப் பொறுமை இருக்கிறது.

மெஷின் முடியாது என்றால்

ஒப்புக்கொள்ளாத கூப்பனுக்கு மெஷின் காரணம் சொல்லும், ஆனால் அதன் மொழியில். பொருந்தும் பொருள் இல்லை என்றால் பெரும்பாலும் அளவோ எண்ணிக்கையோ தப்பு. இரண்டு வாங்கினால்தான் செல்லும் கூப்பனுக்கு ஒன்றுதான் எடுத்திருப்போம், எனக்கு அடிக்கடி நடப்பது இதுதான். காலாவதி என்றால் வாதாடப் பயனில்லை. அதில் இருக்கும் தேதி அன்று ராத்திரி வரை செல்லும், மறுநாள் காலை அது வெறும் காகிதம். கூப்பனின் மதிப்பு பொருளின் விலையைவிட அதிகம் என்று வந்தால், அதாவது தள்ளுபடியில் 89 சென்ட்டுக்குக் கிடைக்கும் பற்பசைக்கு ஒரு டாலர் கூப்பனை நீட்டியிருந்தால், ஊழியர் கூப்பன் தொகையை 89 சென்ட்டாகக் குறைத்துப் போட்டுவிடுவார். மீதி 11 சென்ட் கேட்டு நிற்க வேண்டாம், கடைக்குக் கடை விதி வேறு.

இலவசப் பொருள் கூப்பன் தனி ரகம். ஒரு பொருள் இலவசம், அதிகபட்சம் இத்தனை டாலர் என்று போட்டு, விலையை நிரப்ப ஒரு காலிக் கோடு விட்டிருக்கும். அதில் எவ்வளவு குறைப்பது என்பதை ஊழியர்தான் விலை பார்த்து உள்ளிட வேண்டும். கம்பெனிக்குப் புகார் எழுதி அவர்கள் தபாலில் அனுப்பிய கூப்பனும் பெரும்பாலும் இப்படித்தான். இவற்றைச் செல்ஃப் செக்கவுட்டுக்குக் கொண்டு போகவே வேண்டாம், கேஷியரிடம் போவதே நல்லது. வீட்டில் அச்சடித்த கூப்பன், பெரிய தொகைக் கூப்பன் இரண்டுக்கும் கடைகள் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். அதற்கு நியாயம் இருக்கிறது. வர்ஜினியா பீச்சில் வீட்டிலிருந்தபடியே கள்ளக் கூப்பன் அச்சடித்து விற்ற ஒரு பெண்ணுக்கு 2021-ல் 12 ஆண்டு சிறை கிடைத்தது, நஷ்டம் 31 மில்லியன் டாலருக்கு மேல் என்று வழக்கில் கணக்கிட்டார்கள். பொருளின் விலைக்குச் சமமாகவோ கூடவோ தள்ளுபடி தரும் கூப்பனை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அச்சடிக்காதீர்கள். வீட்டில் அச்சடிப்பவற்றில் ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் உண்டு, அதை ஜெராக்ஸ் எடுப்பதும் அதே குற்றம்தான்.

எனக்கு ஒரு கடையில் நடந்தது: எல்லாம் சரியான கூப்பன், மெஷின் மறுத்தது, ஊழியர் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் செல்லாது என்றார். அன்று எனக்கும் கோபம், குரல் உயர்ந்தது, இரண்டு டாலருக்காக அரை மணி நேரம். இப்போது அப்படி நடந்தால் அந்தப் பொருளைப் பில்லிலிருந்து எடுத்துவிடச் சொல்லி, மற்றதற்குப் பணம் கட்டிவிட்டு, வாசல் பக்கத்தில் இருக்கும் வாடிக்கையாளர் சேவை மேஜைக்குப் போய் அதே பொருளை அங்கே பில் போடச் சொல்கிறேன். அங்கே இருப்பவர்களுக்குக் கடையின் கூப்பன் விதி தெரியும், பின்னால் வரிசையும் இருக்காது. அந்த விதி கடையின் இணையதளத்தில் இருக்கும், போனில் ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் எடுத்தவுடன் அதை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள்.

வரியும் ரசீதும்

கூப்பன் போட்டு இலவசமாகிவிட்ட ஷாம்புக்கு ஏன் முப்பது சென்ட் கேட்கிறது என்று திகைக்க வேண்டாம். கலிஃபோர்னியா, நியூ யார்க் மாதிரி மாநிலங்களில் கம்பெனிக் கூப்பன் போட்டாலும் விற்பனை வரி முழு விலைக்குத்தான், ஏனென்றால் கடைக்கு மீதிப் பணம் கம்பெனியிடமிருந்து வந்துவிடுகிறது, கடையைப் பொறுத்தவரை அது முழு விலை விற்பனை. கடைக் கூப்பனாக இருந்தால் குறைத்த விலைக்குத்தான் வரி. முதலில் சொன்ன இரண்டு வகை இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள்.

ஆப் இல்லாதவர்களுக்கும், குறிப்பாக வயதானவர்களுக்கும், டிஜிட்டல் தள்ளுபடி கைக்கு எட்டாமல் போகிறது என்ற புகார் இங்கே பெரிதாகி, 2025-ல் சான் டியேகோ நகர மன்றம் டிஜிட்டல் கூப்பன் கொடுக்கும் கடைகள் காகிதத்திலும் கொடுக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. ஸ்மார்ட்போன் இல்லாமல் நம்மோடு வந்து தங்கும் அப்பா அம்மாவுக்கு அப்படி ஒரு காகிதம் கிடைக்குமா என்று உங்கள் ஊர்க் கடையின் சேவை மேஜையில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கேட்டால் மட்டும் தருகிற கடைகளும் இருக்கின்றன.

கடைசியாக, பணம் கட்டிய கையோடு கடை வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் ரசீதைப் பாருங்கள். ஒவ்வொரு கூப்பனும் கழித்தல் குறியோடு தனி வரியாக இருக்க வேண்டும். கையில் கொடுத்த காகிதங்களின் எண்ணிக்கையும் அந்த வரிகளின் எண்ணிக்கையும் ஒத்துப் போகாவிட்டால் அப்போதே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள், ஊழியரின் கையில் இன்னும் உங்கள் கூப்பன் இருக்கும். வீட்டுக்கு வந்து சாமானை எல்லாம் அடுக்கிவிட்டு மறுநாள் போனால் அது மூட்டையோடு போய்விட்டிருக்கும், ஆதாரம் காட்ட எதுவும் இருக்காது. கேட்டலினா மெஷின் துப்பிய புதுக் கூப்பன் ரசீதோடு சுருண்டு கிடக்கும், அதை ரசீதோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், சீக்கிரம் காலாவதியாகும் வகை என்பதால் உறையில் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வையுங்கள். மாதம் முதலில், நாள் அடுத்து.